எதிரே வருகிறவர்

நரினில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பதைத் தொட்ட வாரம்
துர்சுனாலி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான்.
ஹைலக்ஸ் சர்ஃப். ஜப்பானில் ஓடி அலுத்துக்
கப்பலேறி வந்தது. ஸ்டியரிங் வலப்பக்கம்.
அங்கே இடப்பக்கம் ஓட்டுவார்கள்,
எனவே அதன் வெளிச்சம்
இடது ஓரத்தைத் தேடித் தேடி எழும்பும்.
எங்கள் சாலையில் இடப்பக்கம் இருப்பது
எதிரே வருகிறவர்.

போன மாதம் டோலோன் கணவாயில்
நிலக்கரி ஏற்றி வந்த கெங்கேஷின் லாரி
இவன் வெளிச்சத்தில் கண் கூசி
பனிமேட்டில் ஏறிச் சாய்ந்தது.
இவன்தான் ஓடிப்போய்க் கதவை நெம்பி
ஆளை இழுத்துப் போட்டான்.
கெங்கேஷ் திட்டவில்லை.
மூக்கில் வழிந்ததைக் கையுறையால் துடைத்தபடி
"உன் விளக்கு ரோட்டைப் பார்க்கவில்லையப்பா,
என்னையே பார்த்துக்கொண்டு வந்தது" என்றான்.

இதைச் சொல்லிவிட்டுத் துர்சுனாலி
டிக்கியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்தான்.
பிஷ்கெக் சந்தையில் வாங்கிய சீன விளக்கு, ஒரு ஜோடி.
எல்இடி. வலப்பக்கச் சாலைக்கென்றே செய்தது.
"மாட்டினால் போதும், சாய்ரா எஜே. பத்து நிமிஷ வேலை."
பத்து நிமிஷ வேலை என்று வந்த எதுவும்
இந்தக் கொட்டகையை விட்டு
அன்றைக்கே போனதில்லை.

மாட்டினேன்.
எரியவில்லை.

பழைய பல்பைத் திரும்பப் போட்டு
டெஸ்ட் லைட்டின் கவ்வியை பாடியில் கடிக்கவிட்டு
ஒவ்வொரு கம்பியாகக் குத்திப் பார்த்தேன்.
டிம் போட்டால்
டிம் கம்பி செத்துக் கிடக்கிறது,
கூப்பிடாத பிரைட் கம்பியில் உயிர்.
பிரைட் போட்டால் நேர் எதிர்.
பொதுக் கம்பியில் எப்போதும் பன்னிரண்டு வோல்ட்,
யாரும் கேட்காமலே.

இரவு பதினொன்றுக்கு,
டீ மூன்றாவது முறை ஆறிப்போன பிறகு,
உறைத்தது.
மற்ற வண்டிகளில் சுவிட்ச்
மின்சாரத்தை உள்ளே விடும் வாசல்.
இதில் அது ஏற்கெனவே உள்ளே வந்து
விளக்கின் மடியில் உட்கார்ந்திருக்கிறது.
எர்த்துக்குத் திரும்பிப் போகும் வழியில்தான்
தாழ்ப்பாள்.
சீனாக்காரன் விளக்குக்கு வாசல் வேண்டும்,
ஜப்பான்காரன் வண்டியில் இருப்பது கொல்லைக் கதவு.
இருவர் மேலும் தப்பில்லை.

இரண்டு ரிலே.
எண்பத்தாறில் பழைய பொதுக் கம்பி,
எண்பத்தைந்தில் ஒன்றுக்கு டிம், ஒன்றுக்கு பிரைட்.
முப்பதுக்கு பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக
தடித்த சிவப்புக் கம்பி.
எண்பத்தேழிலிருந்து புது விளக்குக்கு.
உள்ளே டிக் என்றது,
பல்லி சொன்னது போல.

புது விளக்கின் எர்த்துக்கு
ஃபெண்டருக்கு அடியில் ஒரு போல்ட் எடுத்து
பெயின்டைச் சுரண்டினேன்.
வெள்ளை போய், சாம்பல் போய்,
கடைசியில் பளிச்சென்று இரும்பு.
அதற்கே அரை மணி. விரல் மரத்துவிட்டது.

டாஷ்போர்டில் நீலக் குறிவிளக்கு மட்டும்
பாதி உயிரில் நடுங்குகிறது.
அது ஏன் என்று தெரியும்,
எப்படிச் சரிசெய்வது என்று இன்னும் தெரியவில்லை.
அதைப் பில்லில் எழுதவில்லை.

காலையில் சுவரில் சுண்ணாம்புக்கோடு போட்டு
உயரம் சரிசெய்தாயிற்று. துர்சுனாலி பர்ஸை எடுத்தான்.
"இரு" என்றேன்.
சுவருக்குக் கண் கூசாது.

இருட்டும்வரை காக்கவைத்தேன்.
ஆற்றோரச் சாலையில் அவனை அந்தக் கோடியில் நிறுத்திவிட்டு
இந்தக் கோடியிலிருந்து என் நிவாவில் கிளம்பினேன்,
கெங்கேஷ் உட்கார்ந்த உயரத்துக்கு
இருக்கையில் இரண்டு தலையணை போட்டு.

அவன் வந்தான்.
வருவது தெரிந்தது, அவ்வளவுதான்.
என் பக்கத்து ஓரக்கோடு தெரிந்தது,
மைல்கல் தெரிந்தது,
பனியில் எதையோ முகர்ந்துகொண்டிருந்த
ஒரு நாயின் காது தெரிந்தது.

கடக்கும்போது ஹாரன் அடித்தான்.
யாரோ போகிறார்கள் என்று நினைத்தேன்.
கண்ணாடியில் பார்த்தால்
சிவப்புப் புள்ளிகள் கணவாய்ப் பக்கம்
ஏறிக்கொண்டிருக்கின்றன.

ஆயிரத்து ஐந்நூறு சோம்
இன்னும் பாக்கி.