பயிற்சி எண் நான்கு

விலங்கியல் துறையை மூடியபின்
எங்களுக்குக் கிடைத்தது அந்த அறை.
மேசைக்கு ஒரு தொட்டி, தொட்டிக்கு ஒரு குழாய்,
எதிலும் தண்ணீர் வராது.
தவளை அறுத்த பலகைமேல்
எடிட்டிங் கம்ப்யூட்டர்.
யாரும் எடுத்துப்போகாத ஒரு கட்டுவிரியன்
ஃபார்மலினில் சுருண்டபடி
நாங்கள் வெட்டுவதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஏழு பேர். ஒரு கேமரா.
லென்ஸ் மூடி தொலைந்தது யார் வாரத்தில் என்று
பதிவேட்டில் இன்னும் சண்டை.
ஷாஹீதா வீட்டில் அவள் படிப்பது பி.காம்.
என் அப்பாவோ, கேட்பவர்களிடம்,
"கம்ப்யூட்டர் மாதிரி ஏதோ" என்பார்.

பயிற்சி எண் நான்கு:
மூன்று நிமிடம், ஒரே ஷாட்.
கேமரா அசையக்கூடாது, வெட்டு கூடாது.
யார் வேண்டுமானாலும் ஃப்ரேமுக்குள் வரலாம்,
எடுப்பவர் தவிர.

காந்தி ரோடு. ஆறே முக்கால்.
அதற்குள்ளேயே வெயில்.
லாட்ஜுக்கு எதிரில் ட்ரைபாடை நிறுத்தினேன்.
உடைந்த ஒரு காலில் வெள்ளை பிளாஸ்டர்.
மருந்துக்கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டே
"இதுக்கு இன்னாமா, எலும்பு ஓ.பி.யா?" என்றார்.

முதல் நிமிடத்தில்
வங்காள எழுத்துப் போர்டுக்குக் கீழே
கடுகெண்ணெய் டின் ஒன்று உருட்டப்பட்டது.
ஒரு நாய் உட்காரலாமா என்று யோசித்தது.
பால் ஆட்டோ போயிற்று.
நல்ல ஷாட் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்று பத்தில் அவர் வந்தார்.
எக்ஸ்ரே கவரை மார்போடு அணைத்தபடி
நேரே லென்ஸுக்குள்.
கிட்டே வரவர முகம் கலங்கி
வெறும் பழுப்பு நிறமானது.
"கொத்தாய்?" என்றார், கேமராவைப் பார்த்து.

நீட்டிய சீட்டில் ஒரு கட்டட எண்ணும் ஏழு மணியும்.
பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடம் நடந்து
இந்த ரோட்டில் நான் பொறுக்கிய வங்காளம்
மொத்தம் ஒன்பது சொல்.
"ஷோஜா" உண்டு, நேராக.
முதலில் டோக்கன், அப்புறம் பின்பக்கக் கட்டடம்,
லிஃப்டில் மூன்றாவது மாடி,
அதற்கெல்லாம் சொல் இல்லை,
கால்தான் இருந்தது.

ஒன்று நாற்பதில் நான் ஃப்ரேமுக்குள் போனேன்.

வெள்ளிக்கிழமை ஜன்னலில் கறுப்புத் துணி கட்டித்
திரையில் போட்டார்கள்.
என் முதுகை நான் பார்த்ததே இல்லை.
துப்பட்டா ஒருபக்கம் தரையைக் கூட்டுகிறது.
அவர் நடைக்கு என் நடை
தானே குறைந்து போகிறது,
யாரும் சொல்லாமல்.
முனையில் திரும்புகிறோம். அப்புறம் ரோடு மட்டும்.

இரண்டு நாற்பதில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வருகிறது.
அதன்மேல் மருந்துக்கடைக்காரர்,
கேமராவுக்குக் காவலாக.
பாதி ஃப்ரேம் அவர் பிடரி.
மெல்லத் திரும்பி லென்ஸுக்குள் எட்டிப்பார்த்து
"ஓடுதா இது?" என்கிறார்.
மூன்று நிமிடம் முடிந்தது.

அறை முழுக்கச் சிரிப்பு.
பெனியேல் கைதட்டினான்.
"ரெண்டு நிமிஷத்துல நிறுத்தியிருந்தா அழுதிருப்பாங்கடி"
என்றாள் ஷாஹீதா, உண்மையான கோபத்தோடு.
தாளில் சிவப்பு மையில்:
எடுப்பவர் ஃப்ரேமுக்குள். பத்துக்கு நான்கு.

சரிதான். விதி விதிதான்.

யாரும் நிறுத்தாததால்
மொத்தம் பதினேழு நிமிடம் ஓடியிருந்தது.
மிச்சத்தை எல்லோரும் போனபின் போட்டேன்,
பாம்பும் நானும்.
ஸ்டூலில் அவர் விசிறிக்கொள்கிறார்.
ஒரு மாட்டைக் கையால் தள்ளிவிடுகிறார்.
கடைக்கு வந்தவரிடம்
"இருங்க, பொண்ணு வந்துரட்டும்" என்கிறார்.

அவர் பெயரையும் நான் கேட்கவில்லை,
வங்காளத்துக்காரர் பெயரையும்.
கவர்மேல் எழுதியிருந்திருக்கும்.
படிக்க முடிகிற தூரத்தில் வந்தபோது
ஃபோகஸில் இல்லை.

பதினாறு நாற்பதில்
முனையிலிருந்து ஒருத்தி ஓடிவருகிறாள்,
மூச்சிரைக்க, பெரிதாகி, பெரிதாகி,
அவளும் பழுப்பாகிறாள்.

கை.
கறுப்பு.