எஸ்-ஏழு நிற்குமிடம்

காட்பாடி, ஒன்றாம் நடைமேடை.
ஒலிபெருக்கி எல்லார் காதிலும்தான் விழுகிறது.
எஸ்-ஏழு வந்து நிற்கும் இடத்தில்,
குடிநீர்க் குழாய்க்கும் எடை எந்திரத்துக்கும் நடுவே,
சமோசாக் கூடையோடு முன்பே நிற்கிற
நசீருக்குத்தான் வியாபாரம்.
இரண்டே நிமிடம்.
பத்தடி தள்ளி நின்றவன் ஓடிவருவதற்குள்
வண்டி லத்தேரிப் பக்கம் நகர்ந்துவிடும்.

இதை நான் கவனித்தது
மூன்று மாதமாய்த் தோற்றுக்கொண்டிருந்தபோது.

பாகாயத்தில், என் தட்டில்,
பிறந்து இரண்டு நாளான எலிக்குஞ்சின்
இதயச் செல்கள் தாமாகத் துடிக்கும்.
அட்ரினலின் ஒரு சொட்டு விட்டால்
உள்ளே சைக்ளிக் ஏஎம்பி பரவும், அறிவிப்பு மாதிரி.
கைனேஸ் விழித்துக்கொண்டு
கால்சியம் வாசலில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டும்.
வாசல் கூடுதலாய்த் திறக்கும். துடிப்பு ஏறும்.

அன்று ஒரு குட்டிப் பெப்டைடை உள்ளே அனுப்பினேன்.
கைனேஸைக் கட்டிவைத்திருக்கும் புரதத்தின் பிடியில்
அது போய்ச் செருகிக்கொள்ளும். கட்டு அவிழும்.
அவ்வளவே.
எதையும் கொல்லவில்லை. குறைக்கவில்லை.
வெஸ்டர்ன் பிளாட்டில் பட்டை அதே தடிமன்;
எபனேசர் அண்ணன் ஸ்கேல் வைத்தே அளந்தார்.
குழாயில் எடுத்துப் பார்த்தால் அதே சுறுசுறுப்பு.
ஆனாலும் வாசல்
காது கேளாததுபோல் இருந்தது.

இரவு ஒரு மணிக்கு நுண்ணோக்கியில் பார்த்தேன்.
கோடு போட்ட நோட்டு மாதிரி
வரிவரியாய் நின்ற பச்சை
செல் முழுக்கப் பனியாய்க் கலைந்துகிடந்தது.
எல்லாரும் இருக்கிறார்கள்.
யாரும் யார் பக்கத்திலும் இல்லை.

கட்டிவைக்கும் புரதம்
தானாக எதையும் ஒட்டாது, எதையும் வெட்டாது.
ஒரு கையில் கைனேஸ்.
மறு கையில், நம்பமாட்டீர்கள்,
ஒட்டியதைப் பிய்த்தெடுக்கும் பாஸ்படேஸ்.
இடுப்பில் அறிவிப்பையே தின்று தீர்க்கும் இன்னொன்று.
சண்டைக்காரர்களை ஒரே அறையில் போட்டுப் பூட்டியது யாரோ!
அதனால்தான் சத்தம் அந்த மூலையோடு அடங்குகிறது,
அடுத்த வாசல் தூங்குகிறது.

ஜூனில் எபனேசர் அண்ணனை மாற்றினார்கள்.
அதே பதவி, அதே சம்பளம்,
மூன்றாம் மாடி, பதிவேட்டு அறை.
தலைக்கணக்கில் யாரும் குறையவில்லை.
சென்ட்ரிபியூஜின் மூடியை எந்தப் பக்கம் தட்டவேண்டும்,
மின்சாரம் போனால் எந்த ஃப்ரீசருக்கு முதல் இணைப்பு,
சோதனை தோற்று மெஹராஜ் அழுதால் யார் டீ வாங்கிவருவது,
எதுவும் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

செவ்வாய் இரவு, சத்துவாச்சாரி வரைக்கும் இருட்டு.
மைனஸ் எண்பது இளகிவிட்டது.
காலையில் குப்பியெல்லாம் வியர்த்திருந்தன.

மாடியேறிப் போனேன்.
ரெஜிஸ்டருக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார்.
நைட் டூட்டியாம், இங்கேயும்.

"கரண்ட் போனதும் ஜெனரேட்டர் சத்தம்
இங்கயும் கேட்டுதும்மா.
எழுந்து நின்னேன்.
இன்னாத்துக்கு எழுந்தேன்னுதான் தெரியல."

விரல்களில் பசை
இன்னும் காயவில்லை.