முப்பத்தொன்று

கொட்டகைக் கதவைத் தள்ள இரண்டு பேர் வேண்டும்.
ஜனவரியில் மூன்று பேர்.
தண்டவாளத்தில் பனி இறுகிவிட்டால்
லோர்னின் லாரியும் ஒரு சங்கிலியும்.

உள்ளே ஐந்து விமானங்கள்.
எண்ணெய் சொட்டும் இடமெல்லாம் பிஸ்கட் தகரம்.
உத்தரம் முழுக்கக் குருவிகள்;
அவை மட்டும் இங்கே இன்னும்
யாரையும் கேட்காமல் ஏறி இறங்குகின்றன.

போர்க்காலத்தில் இது பள்ளிக்கூடம்.
சஸ்காட்செவன் கோதுமைக்கு நடுவே
கடல் பார்க்காத பையன்களுக்குக்
கடல்தாண்டப் பழக்கினார்கள்.
கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பது சொலவடை.
ஊர்க் கல்லறையின் வடக்கு வரிசைக்கு அது தெரியாது:
பதினேழு கல்,
வயது பத்தொன்பது, இருபது, பத்தொன்பது.
பழகும்போதே போனவர்கள்.

நான் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவன்.
பறந்ததில்லை.
செவ்வாயும் வியாழனும் இங்கே வந்து சுரண்டுகிறேன்.

இப்போது சுரண்டுவது ஆன்சன்.
சண்டை முடிந்ததும் ஏலத்துக்கு வந்தது.
யாகோப் பென்னரிடம் ஐம்பது டாலர் இருந்தது.
துப்பாக்கி தொடமாட்டேன் என்றவர்;
அதையே சத்தியம் செய்து சொல் என்று நீதிபதி கேட்டதற்குச்
சத்தியமும் செய்யமாட்டேன் என்றவர்;
மலை முகாமில் நான்கு வருடம்
மரக்கன்று நட்டுவிட்டுத் திரும்பியவர்.
இறக்கைகளை அறுத்து அங்கேயே போட்டுவிட்டுக்
குதிரை பூட்டி இழுத்துப் போனார்.
சக்கரம் தள்ளுவண்டிக்கு.
கம்பி வேலிக்கு.
தொட்டியில் மிச்சமிருந்த பெட்ரோல் டிராக்டருக்கு.
உடம்பு கோழிக்கு.

கூடு விட்டுக் கூடு பாய்வது கேட்டிருக்கிறோம்.
இங்கே கூடு இருந்த இடத்திலேயே இருக்க
உயிர் மாறியது:
நாற்பது சிவப்புப் பெட்டை, ஒரு சேவல்.
சேவல் விமானி இருக்கையில்தான் தூங்குமாம்.

மூன்று வாரம் எச்சம் சுரண்டினோம்.
உளிக்குத்தான் மசிந்தது.
அடியில் ஒட்டுப்பலகை,
பலகையில் பென்சில்.

ஒரு பையன் எழுதியது:
காற்று எந்தப் பக்கம், எத்தனை பாகை,
கூட்டல் தப்பி அடித்துத் திருத்திய கணக்கு.
அதற்கு மேலே, பக்கத்தில், குறுக்கே
யாகோபின் மனைவி எழுதியது:
ஏப்ரல் 9, இருபத்தாறு முட்டை.
ஏப்ரல் 10, இருபத்தெட்டு.
ஏப்ரல் 11, மரநாய்.

போர்க்காலத்துக்கு வார்னிஷ் அடி,
கோழிக்காலத்தைத் தேய்த்துவிடு என்றான் லோர்ன்.
உப்புத்தாளையும் அவனே கொடுத்தான்.

தேய்த்தேன்.
ஏப்ரல் போனது. மே பாதி போனது.
அப்புறம் ஓர் எண், தனியாக:
31.
பக்கத்தில் தேதியில்லை.
தலையில் பாகைக்கான குட்டி வட்டமும் இல்லை.

மகள் அகாத்தாவைக் கூப்பிட்டோம்.
எண்பது மைல் ஓட்டிக்கொண்டு வந்தாள்.
கோட்டைக் கழற்றவில்லை.
முதலில் அழிந்த இடத்தைப் பார்த்தாள்,
பிறகு தரையில் கிடந்த மரத்தூளை.
நான் என் பூட்ஸைப் பார்த்தேன்.

கண்ணாடி மாட்டிக்கொண்டு குனிந்தாள்.
அம்மா மூன்றுக்குத் தலையைத் தட்டையாகப் போடுவாள்.
இது தட்டைதான்.
ஆனால் குளிரில் விரல் விறைத்தால்
யார் போட்டாலும் தட்டையாகத்தான் வரும், என்றாள்.

பையன் பெயர் தெரியுமா?
தெரியாது.
திரும்பி வந்தானா?
எங்கிருந்து, என்று கேட்டான் லோர்ன்.
எங்கிருந்தாவது.

இருக்கைக்குக் கீழே சக்கரம் மடக்கும் கைப்பிடி.
நூற்று நாற்பது சொச்சம் சுற்று,
பழகவந்த பையன்கள் வேலை.
சின்ன வயதில் நான் தினமும் சுற்றுவேன், என்றாள்.
ஒன்றும் எழும்பாது.
கோழிகள்தான் எழும்பும்.
முதல்முறையாகச் சிரித்தாள், லோர்னும் சிரித்தான்.

அவள் கார்
ஓடுதளத்தின் வெடிப்புகளில் தடதடத்துப் போனது.
என்ன, முடிந்ததா என்று
ஏணி மேலிருந்து கத்தினான் அவன்.
உப்புத்தாள் கையில் அப்படியே இருந்தது.

எண்ணிக்கொண்டிருக்கிறேன், என்றேன்.