கூட்டக் குறிப்பில் ஒரு திருத்தம்

பதினோராம் கட்டையில் எங்கள் சபை
மொத்தம் பதினேழு பேர்,
மூட்டுவலிக்காரர்களைச் சேர்த்து.
பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது
பிள்ளைகள் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் போய்விட்டார்கள்.
நாற்காலிகளை முன்னே இழுத்துப் போட்டு
நிறைந்ததுபோல் காட்டிக்கொள்வோம்.

புளோரஸ் தீவிலிருந்து குலை வெட்ட வந்தவர்கள்
இடம் கேட்டுக் கடிதம் தந்தார்கள்.
கத்தோலிக்கர்கள். அவர்கள் கோயிலுக்கு
இரண்டு பஸ் மாற வேண்டும்.
ஞாயிற்றுக்கிழமை ஓடுவது ஒன்று.

செயலாளர் நான். குறிப்பேட்டில் எழுதினேன்:
'எங்கள் ஆலயத்தை மதியம் இரண்டுமுதல் நான்குவரை
கொடுக்கலாம். மின்சாரத்துக்கு இருபது வெள்ளி.
சுரூபம் கூடாது. மெழுகுவர்த்தி கூடாது.
அரிவாள் வெளியே.'
பொருளாளர் ஞானாபரணம் முன்மொழிந்தார்.
எதிர்ப்பு இல்லை. எனக்கும் இல்லை.

நவம்பர் மழை.
பீடோரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் போதகர்
பாலத்தில் தண்ணீர் வடியக் காத்திருந்து
பன்னிரண்டரைக்குச் சொட்டச் சொட்ட வந்தார்.
பத்து மணி ஆராதனை
இரண்டைத் தாண்டியும் முடியவில்லை.

ஜன்னல் வழியே பார்த்தேன்.
செம்பனை ஓலைக்கடியில் இருபது பேர்,
தலையில் உரச்சாக்கு.
ஒரு பெண் மாதாவைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி
காய்ச்சல் பிள்ளையைப்போல் அணைத்திருந்தாள்.
கதவு திறந்துதான் கிடந்தது.
இரண்டு மணி என்று நான்தானே எழுதினேன்,
எங்கள் இரண்டு முடியக் காத்திருந்தார்கள்.

எழுந்து போனது பெருந்தன்மையால் அல்ல.
எழுதிய கை கூசியது.
'பசியாறியாச்சா?' என்று கேட்டுவிட்டேன் தமிழில்.
மலாய் அப்புறம்தான் வந்தது.

ஈரக் காலோடு உள்ளே வந்தார்கள்.
ஞானாபரணம் அந்தப் பையைப் பார்த்தார்.
பார்த்துக்கொண்டே
பக்கத்து நாற்காலியிலிருந்து தன் குடையை எடுத்தார்.

பிதாவை நோக்கிய ஜெபம்.
நாங்கள் தமிழில், அவர்கள் தங்கள் மொழியில்.
அப்பம் கேட்கும் இடம்
குரல் இறங்கியதிலேயே தெரிந்தது.
தீமை வரை வந்து அவர்கள் நின்றுவிட்டார்கள்.
எங்களுக்கு இன்னும் ஒரு வரி பாக்கி.
அந்த வரியைப் பதினேழு குரல்
இவ்வளவு மெலிசாகச் சொல்லி நான் கேட்டதில்லை.
ஆமெனுக்குக் காத்திருந்தார்கள்.
தகரக் கூரை மழை
ஒரு நொடி தோற்றது.

திருவிருந்துக்கு அவர்கள் எழவில்லை.
எங்கள் சின்னக் கிண்ணங்களில் ரிபேனா.
அவர்களுக்கு அது குறைவு,
அவர்களுடையது எங்களுக்கு அதிகம்.
இதைத் தீர்க்கும் படிப்பு
பதினோராம் கட்டையில் யாருக்கும் இல்லை.
பின்பக்கத்தில் மரவள்ளி வெந்துகொண்டிருந்தது.
சம்பல் அவர்களுடையது.
அதற்கு எல்லோரும் எழுந்தார்கள்.

கிழங்கின் நாரை உருவியபடி
கொர்னெலிஸ் பலகையைக் காட்டி என்னவென்று கேட்டார்.
எங்கள் ஆலயம். மலாயில் சொல்ல வாயெடுத்து நின்றேன்.
'காமி' என்றேன் கடைசியில்.
கேட்பவரை வாசலில் நிறுத்திவிட்டுப் பேசும் சொல்.
'கீத்தா என்று ஒன்று உண்டே,
உங்கள் மொழியில் இல்லையா?'

இருக்கிறது.
இரண்டு உதடும் சேர்ந்தால்தான் முடியும் சொல்:
நாம்.

அடுத்த கூட்டத்தில் 'எங்கள்' என்பதை அடித்து
'நம்' என்று மேலே எழுதினேன்.
ஞானாபரணம் கண்ணாடியை ஏற்றி
இரண்டு முறை படித்தார்.
கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடவில்லை.
'மின்சாரம் இருபது வெள்ளி அதிகம்' என்றார்.
'மெழுகுவர்த்தி ஏற்றினால்
பத்து போதும்.'