தோன்றா எழுவாய்

இரவு பதினொன்றே முக்கால்.
ஸ்காபரோவில், ஒரு நிலக்கீழ் அறையில் இருந்துகொண்டு
நான் மாநகரமாகப் பேசுகிறேன்.
காலில் இரண்டு சோடி காலுறை,
மடிக்கணினிக்குப் பக்கத்தில் ஆறிய தேத்தண்ணி.
முகம் இருக்கவேண்டிய இடத்தில்
நீல வட்டம், நகரசபைச் சின்னம்.

ஆங்கிலத்தில் ஹெதர் அனுப்புவாள்.
இருபது நிமிடத்தில் தமிழாக்கவேண்டும்.
அவளுக்கு ஒரே சொல் போதும்,
யாரையும் உள்ளே எடுக்கவும் வேண்டாம், வெளியே நிறுத்தவும் வேண்டாம்.
எனக்குத்தான் ஒவ்வொரு முறையும் கதவில் கை:
நாங்களா, நாமா?

அங்கீகரித்த சொற்பட்டியலில்
"நாங்கள்" என்றுதான் இருக்கிறது.
போன வருடம் ஒரு குழு கூடி முடிவெடுத்தது.
அதில் தமிழ் தெரிந்தவர் அன்றைக்கு லீவு.

"நாங்கள் கேட்கிறோம்" என்று மார்கழியில் போட்டேன்,
செவிகொடுக்கிறோம் என்ற அர்த்தத்தில்.
ஆறாவது நிமிடம் ஒருவர்:
"இன்னும் என்ன கேக்கிறியள்?
கேட்ட வீட்டுவரியைக் கட்டியாச்சே."
நூற்றெழுபது பேர் சிரித்திருந்தார்கள்.
நானும் சிரித்தேன்.
மாநகரம் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு தந்திரம் பழகினேன்.
"வீதிகளைத் துப்புரவாக்கி வருகிறோம். பொறுமைக்கு நன்றி."
ஆளே இல்லாத வசனம்.
வினையின் வாலில் மட்டும் ஒரு "ஓம்".
அது நாங்களுக்கும் பொருந்தும், நாமுக்கும் பொருந்தும்,
ஒருவரும் பிடிக்க முடியாது.

புயலடித்த செவ்வாய் இரவு
யோகமலர் என்று ஒருவர் படம் போட்டார்.
பஸ் தரிப்பிடம், இலக்கம் 7714.
உழவு இயந்திரம் வீதியைத் திறந்துவிட்டு
தரிப்பிடத்தை மூடியிருக்கிறது, இடுப்பளவுக்கு.
"இதுக்கு மேலால ஏறித்தான் வேலைக்குப் போறன்.
முழங்காலுக்குள்ள ஆணி வச்சிருக்கு."

"உங்கள் முறைப்பாடு பதிவாகியுள்ளது" என்று ஒட்டினேன்.
புதன், அதே படம், இன்னும் உயரம்.
ஒட்டினேன்.
வியாழன், பனிக்குள் மாட்டியபடி
ஒரு சப்பாத்து மட்டும்.
ஒட்டினேன்.

வெள்ளி காலைக் கூட்டத்தில் ஹெதர்
திரையில் ஒரு வரைபடம் காட்டினாள்.
மக்கள் ஈடுபாடு முப்பத்தெட்டு வீதம் கூடியிருக்கிறதாம்.
கைதட்டினோம்.
(கூடியதில் பாதி ஏச்சு.
ஏச்சுக்கும் வாழ்த்துக்கும்
அந்த வரைபடத்தில் ஒரே பச்சை.)

அன்றிரவு பட்டியலைப் பாராமல் எழுதினேன்:
"நாம் இதைச் சரிசெய்வோம்."
ஹெதருக்குத் தெரியப்போவதில்லை,
மொழிபெயர்ப்புப் பொத்தானை அமத்தினால்
அவளுக்கு வருவது அதே பழைய சொல்தான்.

யோகமலருக்குத் தெரிந்தது.
"நாம் எண்டால் நானும்தானே, தங்கச்சி?
சவளை ஆர் கொண்டுவாறது?"

தங்கச்சி.
மாநகரத்தை இதுவரை ஒருவரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.
விரல் அசையவில்லை.
அறையைச் சுற்றிப் பார்த்தேன்,
வேறு யாரையும் கேட்டிருப்பாரோ என்பதுபோல.

பிறகு படிவத்தை மூடிவிட்டு
கிழக்கு முற்றத்துக்கு நேரே போன் அடித்தேன்.
டெஸ்மண்ட் மூன்றாம் தரம்தான் எடுத்தான்,
எதையோ சாப்பிட்டுக்கொண்டு.
"ஏழு ஏழு ஒன்று நான்கா?
என்னிடம் 'முடிந்தது' என்றல்லவா இருக்கிறது."
சப்பாத்துப் படத்தை அனுப்பினேன்.
மெல்லுவது நின்றது.

காலை ஐந்து இருபதுக்கு ஒரு படம்,
ஓடத் தொடங்கிய பஸ்ஸின் யன்னலால் எடுத்தது, கலங்கலாக.
பனிச்சுவரில் ஓர் ஆள் அகலத்துக்கு வெட்டு,
அதற்குள் கொஞ்சம் உப்பு, கொஞ்சம் காலடி.
ஒரு சொல்லும் இல்லை.

"சப்பாத்து கிடைச்சதா?" என்று கேட்டேன்,
நீல வட்டத்துக்குள் இருந்தே.

"ஓம். நனைஞ்சு போச்சு."

இதைப் பதிந்து மூட ஒரு வகை தெரிவுசெய்ய வேண்டும்:
முறைப்பாடு, வினா, பாராட்டு.
மூன்றையும் அமத்திப் பார்த்தேன்.
இன்னும் மூடவில்லை.