கொடியில் ஒரு சட்டை

மோல்மீனில் தண்ணீர்த் திருவிழா.
பஸ் நிலையத்திலிருந்து வீடுவரை
பதினாலு வாளி வாங்கினோம்.
படியேறும்போது
தூரெய்ன் கையிலிருந்த கேக் பெட்டி
கஞ்சியாய் ஒழுகியது.

மூன்று நாளாக நான் ஒத்திகை பார்த்த
அறிமுகத்துக்கு வேலையில்லை.
முகம் பார்க்காமலே அம்மா
அப்பாவின் கட்டம்போட்ட லுங்கியை நீட்டினாள்.

முன்பக்கம் முடிச்சிட்டுக்கொண்டு வந்தான்.
"அவுந்துடாதா அது?"
அப்பா கேட்டது என்னிடம், தமிழில்.
பார்வை போன இடம் புரிந்து
இடுப்பை ஒரு குலுக்குக் குலுக்கிக் காட்டினான்.
நின்றது.
சிரித்தது தங்கச்சி மட்டும்.

பச்சடியில் வேப்பம்பூ. மென்று விழுங்கினான்.

நாலு மணிக்கு அப்பா:
"எப்பக் கிளம்புறாரு?"

சித்திரை வெயில்.
கொடியில் அவன் சட்டை
அட்டையாய் விறைத்திருந்தது.
அம்மா போய்த் தொட்டுப் பார்த்தாள்.
"ஈரம் இன்னும் போகல."