பின்னிருக்கை

எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று
முந்தின நாளே போனில் சொல்லிவிட்டார்.
இவரிடம் கதை விட முடியாது,
அப்போதே தெரிந்தது எனக்கு.

நீகாத்தா. பிப்ரவரி. காலை ஏழு.
வேலியோரம் இடுப்பளவு பனி.
ஹோஷினா கஸுவே, அறுபத்தொரு வயது.
பையிலிருந்து எடுத்தவை
ஒரு டார்ச், ஒரு துண்டு,
ஃபிரிட்ஜில் ஒட்டும் தர்பூசணிக் காந்தம்.

கறுப்பு செஞ்சுரி, எண்பத்தொன்பதாம் வருடத்தது.
எட்டு சிலிண்டர். முகப்பில் ஃபீனிக்ஸ்.
பக்கக் கண்ணாடிகள் கதவில் இல்லை,
பானெட் ஓரத்தில், நண்டின் கண்கள்போல.

எட்ட நின்று முதலில் மூக்கைப் பார்த்தார்.
இரவெல்லாம் நின்ற வண்டி
காலையில் முகம் தாழ்ந்திருந்தால்
காற்றுப்பை எங்கோ கசிகிறது.
தாழவில்லை.
துண்டை விரித்து, முட்டி போட்டு,
அடிவயிற்றில் டார்ச் அடித்தார்.
எங்கள் சாலைகளுக்குக் குளிர்காலத்தில் உப்புப் போடுவார்கள்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பது
இந்த இரும்பு ஒன்றுதான்.

இடது பின்சக்கர வளைவில்
காந்தம் ஒட்டாமல் வழுக்கியது.
"இங்கே தகடு இல்லை, புட்டி."
நான் என் ஷூவைப் பார்த்துக்கொண்டேன்.

டைமிங் பெல்ட்டைக் கேட்பார்,
இதில் சங்கிலி என்று சொல்லலாம் எனக் காத்திருந்தேன்.
கேட்கவில்லை. தெரிந்திருக்கிறது.
கேட்டது ஒன்றுதான்:
ஜன்னல் லேஸ் அசலா, பிறகு தைத்ததா?

அசல்தான். இருக்கையும் அசல் கம்பளி.
தோல் முனகும்;
முதலாளி புரண்டு உட்காரும்போது
இருக்கை வாய் திறக்கலாமா?
அறுபத்தேழில் வந்த பெயர் இது.
முப்பது வருடம் கிட்டத்தட்ட ஒரே முகம்.
பணம் நுரைத்த நாட்களில்
கம்பெனி வாசல்தோறும் ஒன்று நின்றது.
நுரை அடங்கியதும்
கடன்காரர்கள் பட்டியலில் முதல் வரி இதுவே.
பிறகு கல்யாண மண்டபம், பிறகு ஏலம்,
பிறகு என்னைப் போன்றவன்.

"ஓட்டிப் பாருங்கள்" என்று சாவியை நீட்டினேன்.
வாங்கவில்லை.
பின்கதவருகே போய் நின்றார்,
பிடியைத் தொடாமல்.
எனக்குப் புரியப் பத்து வினாடி ஆனது.
ஓடிப்போய்த் திறந்துவிட்டேன்.

வாசலில், வண்டி கழுவும் பையன் தோகாஷி
நான் பழக்கியபடி குனிந்து நின்றான்.
அவர் திரும்பினார்.
உயர்ந்த தலையணை, தடித்த தூண், லேஸ்.
"தெரியவில்லை" என்றார்.
கொஞ்சம் கழித்து,
"விலக்கினால் தெரிகிறது.
கையைத் தூக்கி விலக்க வேண்டும். அவ்வளவே."

பாலம் ஏறும்போது தானாகச் சொன்னார்:
நகோயாவில் ஒரு சிமெண்ட் கம்பெனி.
பதினோரு வருடம், மாலை ஆறரை,
இதே வண்டி திருப்பம் தாண்டும்வரை
வாசலில் குனிந்து நின்றது.
சிவப்பு விளக்கு மறைந்தால்தான் நிமிரலாம்.
மழையில் குடை பிடிக்கக் கூடாது.

என்ன சொல்வது?
ஹீட்டரை ஒரு படி கூட்டினேன்.

திரும்பி வந்ததும் பேரம்.
புட்டி வளைவுக்கு ஐம்பதாயிரம் யென் குறைப்பு.
கிடைக்காத உதிரிக்கு முப்பது.
பதின்மூன்று வயது தாண்டிய வண்டிக்கு
அரசு ஏற்றும் வரிக்கும் என்னிடமே கேட்டார்;
அதற்கு மட்டும் மறுத்தேன்.
"லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர்தான் தரும்,
சொல்லிவிட்டேன்."
"நான் எங்கே போகப்போகிறேன்?
ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரைக்கு ஓட்டிப் போவேன்.
நிறுத்திவிட்டு
இறங்கிப் பின்னால் வந்து உட்காருவேன்."

பத்து நாளில் பதிவு முடிந்தது.
தோகாஷிக்கு அன்று காய்ச்சல்,
அதனால் நான் குனிந்தேன்.
குனிந்த தலைக்குத் தெரிவது
பனிச்சேறும் டயர்த் தடமும் மட்டும்.
விதியை மீறிக் கொஞ்சம் நிமிர்ந்தேன்.

திருப்பத்தில் பிரேக் விளக்கு
ஒருமுறை எரிந்து அணைந்தது.
வழுக்கலுக்காக இருக்கலாம்.